சிந்தனைச் சிற்பி சிங்காரவேலரும் பொன்மலைத் தொழிலாளரும்

திருச்சிராப்பள்ளியினின்று தஞ்சை செல்லும் இருப்புப்பாதையும், தஞ்சை நெடுஞ்சாலையும், உய்யக்கொண்டான் வாய்க்காலும் ஒன்றையொன்று அணுகிச் செல்லும் பகுதியில் அமைந்தது நம் அரியமங்கலம். இன்று இது மாநகராட்சியின் பகுதி. நூறாண்டுகளுக்கு முன்னர் இது ஒரு சிற்றூர். நெல் வயல்களே இதன் எல்லைகள். நம் முன்னோர் அவ்வயல்களில் உழுதனர், நட்டனர், அறுத்தனர். கூலி நெல்லாக அளக்கப்பட்டது. அளப்பவர் கை எப்படியோ அப்படியே அடுப்பு எரிந்தது. மாதம் பிறந்தால் எண்ணிக் கையில் தரப்படும் சம்பளம் என்ற ஒன்றை நம் பகுதி மக்கள் அறிந்தது பொன்மலையில் இருப்புப்பாதைப் பணிமனை எழுந்த பின்னரே. கலப்பை பிடித்த கை சம்மட்டி பிடித்தது. மேலகல்கண்டார்கோட்டை, செந்தண்ணீர்புரம், அம்பிகாபுரம், அரியமங்கலம் ஆகிய ஊர்கள் பணிமனைச் சங்கின் ஓசைக்கு எழுந்து, அதன் ஓசைக்கு உலை வைக்கும் ஊர்களாக மாறின.

இம்மாற்றம் தானாகவும் அமைதியாகவும் நிகழ்ந்துவிடவில்லை. பொன்மலைக் குடியிருப்பு வேரூன்றத் தொடங்கிய அதே ஆண்டில், 1928-இல், அதன் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வெளியேற்றப்படும் நிலை வந்தது. அந்நாளில் அவர்கள் பொருட்டுச் சென்னையிலிருந்து வந்து நின்று, அதற்காகவே தம் அறுபத்தெட்டாம் வயதில் சிறை புகுந்த பெரியார் ஒருவர் உண்டு. அவரே ம. சிங்காரவேலர். நம் கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலரில் அவர் வரலாற்றை எழுதுவது நமக்குக் கடமையாகிறது. அவர் நம் வகுப்பில் பிறந்தவர் அல்லர். நம் ஊரில் வாழ்ந்தவரும் அல்லர். ஆயினும் நம்மில் பலர் பள்ளிக்குச் சென்றது இரயில்வேச் சம்பளத்தால் என்பதை எண்ணுங்கால், அச்சம்பளத்தைக் காக்க முற்பட்டவரை மறப்பது எங்ஙனம்?

சிங்காரவேலர் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் சென்னையில் மீனவர் குடும்பத்தில் தோன்றினார். தந்தையார் வெங்கடாசலம், தாயார் வள்ளியம்மை. கடலோரத்துக் குடிகளிலிருந்து கல்லூரி வாயிலை மிதித்தோர் அக்காலத்தில் அரியர். அவர் மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றார். பின் சட்டம் பயின்று 1907-இல் சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞரானார். அதற்கு முன்பே, 1902-இல், அரிசி வாணிகத்தின் தொடர்பாக இலண்டன் சென்று வந்தவர். பெற்ற பொருளில் பெரும்பகுதியை நூல்களுக்கே செலவிட்டார். தென் கடற்கரைச் சாலையிலிருந்த அவர் இல்லத்து நூலகம் அக்காலச் சென்னையில் தனியார் வைத்திருந்த நூலகங்களுள் தலைசிறந்த ஒன்றாகப் பேசப்பட்டது.

அவ்வில்லத்தில் நம் மக்கள் அறிந்துகொள்ள வேண்டிய வேறொன்றும் நடைபெற்றது. பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் இலங்கை சென்று பௌத்தம் தழுவி மீண்டு, இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். அதே காலத்தில் சிங்காரவேலரும் மகாபோதி சங்கத்தின் சென்னைக் கிளையில் ஊக்கமாக உழைத்தார். பேராசிரியர் இலட்சுமி நரசுவும் இவர்களுடன் தொடர்புற்றிருந்தார். இந்நரசு 1907-இல் எழுதிய பௌத்த நூலைத்தான் நாற்பதாண்டுகளுக்குப் பின் டாக்டர் அம்பேத்கர் தம் முன்னுரையுடன் மறுபதிப்பாக வெளியிட்டார். அயோத்திதாசருக்கும் இவர்களுக்கும் பின்னாளில் கருத்து வேறுபாடுகள் தோன்றியமை உண்மை. பண்டிதர் பௌத்தத்தில் நம் குலத்தின் தொன்மையையும் இழந்த பெருமையையும் தேடினார். சிங்காரவேலரும் நரசுவும் அதனை அறிவு நெறியாகவே கண்டனர். இருவேறு பாதைகளாயினும், பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் சமயத்தினின்று விலகுவது என்ற புறப்பாட்டிடம் ஒன்றே. தொழிலாளர் தலைவராக அறியப்படுவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்னரே சாதியை மறுத்தவர் சிங்காரவேலர் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, 1921-இல், தம் வழக்கறிஞர் அங்கியைத் தீயிலிட்டு நீதிமன்றத்தைத் துறந்தார். அவ்வாண்டே சென்னைத் தொழிலாளர் வரலாற்றில் நமக்கு ஆறாத புண்ணாக அமைந்த ஆண்டு. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டது. திரு.வி.க., சர்க்கரைச் செட்டியார் முதலியோருடன் சிங்காரவேலரும் தொழிலாளர் பக்கம் நின்றார். ஆலைகளில் வேலை செய்த ஆதித்திராவிடரில் பெரும்பாலோர் வேலைநிறுத்தத்தில் சேரவில்லை. ஏன் சேரவில்லை என்று கேட்போர் இன்றும் உளர். நாள் ஊதியம் தவறினால் அன்றே பட்டினி கிடக்க வேண்டிய குடும்பங்கள் அவை. இணங்கிச் சென்றால் உதவி உண்டு என்ற எண்ணமும் இருந்தது. தங்களை அருகில் உட்காரவிடாத உடன்தொழிலாளி திடீரென்று தோழன் என்று அழைத்தபோது நம்பிக்கை பிறக்கவில்லை. விளைவு புளியந்தோப்புக் கலவரம். குடிசைகள் எரிந்தன, உயிர்கள் மாய்ந்தன, தொழிலாளியைத் தொழிலாளி வெட்டினான். எம்.சி. ராஜா போன்ற நம் தலைவர்கள் அக்காலத்து ஆட்சியாளர்மீதும் சாதி இந்துத் தலைவர்கள்மீதும் பெருங்கசப்புற்றனர். சாதியின் பிளவு கிடக்கும் வரை சங்கத்தின் கொடி நெடுநாள் பறவாது என்பதை அவ்வாண்டு காட்டியது. இதனை எவரும் சரிவர எண்ணிப் பார்த்ததாக நமக்குத் தோன்றவில்லை.

பின்வந்த ஆண்டுகளில் சிங்காரவேலரின் பணி விரைந்து பெருகியது. 1922 இறுதியில் கயாவில் கூடிய காங்கிரசில் தொழிலாளர், உழவர் உரிமைக்காகப் பேசினார். 1923 மே முதல் நாள் சென்னையில் உயர்நீதிமன்றத்தை அடுத்த கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் மே நாள் கூட்டங்கள் நடத்தினார். இந்தியாவில் மே நாள் கொண்டாடப்பட்டது அதுவே முதன்முறை. அன்று உயர்த்திய செங்கொடிக்குத் துணி கிடைக்காமல் தம் மகளின் சிவப்புச் சேலையைக் கிழித்தார் என்று சொல்லிவருகின்றனர். தொழிலாளர் உழவர் கட்சியை அன்றே தொடங்கினார். தொழிலாளன் என்ற இதழையும் நடத்தினார். 1924-இல் கான்பூர்ச் சதி வழக்கில் அவர் பெயரும் சேர்க்கப்பட்டது. நோயுற்றிருந்தமையால் அவர்மீதான வழக்கு நடைபெறவில்லை. 1925 டிசம்பரில் அதே கான்பூரில் கூடிய முதல் பொதுவுடைமையர் மாநாட்டிற்கு அவரே தலைமை தாங்கினார். சென்னை மாநகராட்சியிலும் உறுப்பினராக இருந்து பணியாற்றினார். 1927-இல் கரக்பூரில் வங்காள நாகபுரி இருப்புப்பாதைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்கு ஆதரவாக நின்றார். இருப்புப்பாதைத் தொழிலாளரின் துயரை அவர் நெருங்கி அறிந்தது அப்போதுதான்.

இனி நம் பொன்மலைக்கு வருவோம். தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனியின் தோற்றம் நாகப்பட்டினத்தில். 1853-இல் இலண்டனில் அமைந்த பெருந்தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனி நாகையிலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு 1862-இல் பாதையை முடித்தது. 1874-இல் வேறொரு கம்பெனியுடன் இணைந்து தென்னிந்திய இருப்புப்பாதை என்ற பெயர் பெற்றது. அதன் பணிமனை நாகையில் இருந்தது. சென்னை இருப்புப்பாதையின் மேற்குப் பகுதியை 1908-இல் ஏற்றபோது கோவையை அடுத்த போத்தனூர்ப் பணிமனையும் இதனிடம் வந்தது. தனித்தனிப் பணிமனைகள் செலவு மிகுவிப்பன என்று கருதிய கம்பெனி, எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்க்க எண்ணித் திருச்சிக்கு அருகே பொன்மலையைத் தேர்ந்தது. 1753-இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்ட அந்தச் சிறு குன்றைச் சுற்றியிருந்த வெட்டவெளியில், 1926 தொடங்கி இரண்டாண்டுகளில் பெரும் பணிமனை எழுந்தது. அதனையொட்டித் தொழிலாளர்க்கு வரிசை வரிசையாக வீடுகள் அமைந்தன. ஞாயிறுதோறும் சந்தை கூடியது. நாகையிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தட்டுமுட்டுச் சாமான்களுடன் மக்கள் வந்து இறங்கினர். கடற்காற்றில் வளர்ந்தவர்கள் திருச்சியின் வெயிலில் வாழப் பழகினர். சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கலாசிகளாகவும், கூலிகளாகவும் ஆட்கள் சேர்ந்தனர். பாதை பராமரிக்கும் கேங்குகளில் மண் வெட்டுவதும், சல்லி இடிப்பதும், கட்டை சுமப்பதும் பெரும்பாலும் நிலமற்ற எளிய சாதி மக்களுக்கே உரிய வேலையாயிற்று. மழையிலும் வெயிலிலும் தண்டவாளத்தைச் சுமந்த தோள்கள் அவை. கேங்குக் கூலியின் ஊதியமே எல்லா ஊதியங்களிலும் தாழ்ந்தது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

புதிய பணிமனை எழுந்ததும் பழைய ஆட்கள் மிகையாயினர். புதிய இயந்திரங்கள் வந்துவிட்டன. மூன்று இடங்களின் வேலை ஓரிடத்தில் நடக்கும். ஆகவே மூவாயிரம் பேருக்கு மேல் தேவையில்லை என்று கம்பெனி கணக்கிட்டது. யாரை வைத்துக்கொள்வது, யாரை நீக்குவது என்பதை அறியத் திறன் தேர்வு ஒன்றை ஏற்படுத்தியது. இவ்விடத்தில் நம் வாசகர் சற்று நின்று எண்ண வேண்டும். இருபதாண்டு, முப்பதாண்டு கொதிகலனின் முன்னும் உலையின் முன்னும் நின்று, கையாலேயே தொழில் கற்றவன் அத்தொழிலாளி. இரும்பின் நிறத்தைக் கண்டே அதன் சூட்டை அறிவான். சக்கரத்தைச் சுத்தியால் தட்டி, ஓசையைக் கேட்டே விரிசலைச் சொல்வான். ஆனால் எழுத்தறியான். அவனை நிறுத்தி இன்று தேர்வு எழுது, தேறினால் வேலை, தேறாவிட்டால் வீடு என்றால் அவன் நிலை யாது? தேர்வு என்பது திறமையை அளக்கவோ, ஆளைக் கழிக்கவோ என்று தொழிலாளர் கேட்டது முறையான கேள்வியே என்பது நம் கருத்து. கல்விக்காகவே கழகம் அமைத்து இருபத்தைந்து ஆண்டு கண்ட நாம், தேர்வைக் குறைகூறுவதா என்று எவரும் வினவ வேண்டுவதில்லை. கற்பிக்காமல் தேர்வு வைப்பது கல்வியாகாது.

சங்கத்தார் கம்பெனியுடன் பேசிப் பார்த்தனர். தொழிற்சங்கச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஓராண்டே ஆகியிருந்த காலம் அது. சங்கம் என்ற சொல்லையே நிருவாகிகள் பகைச்சொல்லாகக் கருதினர். ஆட்குறைப்பைக் கைவிடுக, தேர்வை விலக்குக, ஊதியத்தை உயர்த்துக என்பனவே கோரிக்கைகள். அவை ஏற்கப்படவில்லை. சிங்காரவேலரும், வங்கத்திலிருந்து வந்த முகுந்தலால் சர்க்காரும் தொழிலாளரிடையே இருந்து வழிகாட்டினர். 1928 ஜூன் இறுதியில் பணிமனைகளில் போராட்டம் தொடங்கியது. கம்பெனி கதவுகளை அடைத்தது. ஜூலை 20-ஆம் நாளையொட்டி அது பணிமனைகளைக் கடந்து, வண்டி ஓட்டுவோர், பாதை காப்போர், நிலையப் பணியாளர் ஆகிய எல்லாரையும் அழைத்த பொது வேலைநிறுத்தமாயிற்று. தென்னாட்டின் பல ஊர்களில் வண்டிகள் நின்றன. தொழிலாளியோடு அவன் மனைவி மக்களும், ஊராரும் தண்டவாளத்தில் அமர்ந்து மறித்தனர். சில இடங்களில் வண்டிகள் தடம் புரண்டன. அரசாங்கம் காவற்படையை இறக்கியது. தலைவர்களையும் தொழிலாளரையும் கூட்டம் கூட்டமாகச் சிறைப்படுத்தியது. சிங்காரவேலரும் கைதானார். தலைவர் இழந்த வேலைநிறுத்தம் ஜூலை 30-இல் கைவிடப்பட்டது.

வெற்றி கிட்டவில்லை, அதனை மறைத்து எழுதுவது முறையன்று. பணிமனைத் தொழிலாளர் வாரக்கணக்கில் பட்டினி கிடந்து தளர்ந்த பின்னரே பொது வேலைநிறுத்தம் வந்தது. முதல் நாளிலேயே வண்டிகளும் நின்றிருந்தால் முடிவு வேறாகியிருக்கலாம் என்று நாம் எண்ணுகிறோம். மேலும், 1921-இல் வெளிப்பட்ட பிளவிலிருந்து பாடம் கற்று, கேங்குக் கூலியையும் கலாசியையும் அவர்தம் குறைகளோடு முன்வரிசைக்குக் கொண்டுவரும் வேலை அந்நாளில் நிறைவாகச் செய்யப்பட்டதா என்பதும் கேட்கத்தக்கதே. ஆட்குறைப்பின் முன் சாதிப் பெருமை எவர்க்கும் காப்பாகவில்லை என்பதை மட்டும் அன்றைய பொன்மலை எல்லாருக்கும் உணர்த்தியது.

பின்னர்த் திருச்சியில் சதி வழக்கு நடைபெற்றது. சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. பெருமாள் என்ற தொழிலாளர் தலைவர் ஆயுள் தண்டனை பெற்று அந்தமானுக்கு அனுப்பப்பட்டார். நூலகத்தின் நடுவே முதுமையைக் கழித்திருக்கக்கூடிய ஒரு வழக்கறிஞர், தமக்கு ஒரு காசும் ஊதியம் தராத இருப்புப்பாதைக்காகக் கைதி உடை அணிந்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தமையால் 1930-இல் விடுதலை பெற்றார். அதற்குள் 1929-இல் தொழில் தகராறுச் சட்டம் வந்துவிட்டது. முன்னறிவிப்பின்றி வேலையை நிறுத்துவது இருப்புப்பாதை போன்ற துறைகளில் குற்றமாக்கப்பட்டது.

சிறை மீண்ட சிங்காரவேலர் எழுத்திலே முனைந்தார். பெரியார் ஈ.வெ.ரா. நடத்திய குடி அரசு இதழில் அறிவியல், மூடநம்பிக்கை, பொதுவுடைமை ஆகியன குறித்துத் தொடர்ந்து எழுதினார். விண்மீன்களின் இயக்கத்தையும் உயிர்களின் தோற்றத்தையும் எளிய தமிழில் பாமரர்க்கு விளக்கிய முன்னோடிகளுள் அவர் ஒருவர். 1932 இறுதியில் ஈரோட்டில் உருவான சமதர்மத் திட்டத்தில் அவர் பங்கு பெரிது. 1935-இல் புது உலகம் என்ற இதழைத் தொடங்கினார்.

பொருளாதார ஏற்றத்தாழ்வு ஒழிந்தால் சாதியும் தானே உதிரும் என்பது அவர் நம்பிக்கை. இதில் மட்டும் நாம் அவரோடு முழுதும் உடன்பட இயலவில்லை. இருப்புப்பாதையின் நிலையே அதற்குக் காரணம். 1938 பிப்ரவரியில் பம்பாய் மாகாணத்து மன்மாடில், தாழ்த்தப்பட்ட இருப்புப்பாதைத் தொழிலாளர் மாநாட்டில் டாக்டர் அம்பேத்கர் தலைமையேற்றுப் பேசினார். கேங்கில் சேர்ந்த நம் மனிதன் ஆயுள் முழுதும் கேங்கிலேயே கிடக்கிறான் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். நிலையத்துப் போர்ட்டராக உயர்வதும் அவனுக்கு அரிது. ஏனெனில் போர்ட்டர் நிலைய அதிகாரியின் வீட்டு வேலையும் செய்ய வேண்டும், தீண்டத்தகாதவன் அவ்வீட்டிற்குள் நுழைய இயலாது. இவ்வாறு ஒரே கம்பெனியின் ஊதியப் பட்டியலில் இருந்தபோதே, ஒருவன் ஏழையாக மட்டும் இருந்தான்; மற்றொருவன் ஏழையாகவும் தீண்டப்படாதவனாகவும் இருந்தான். முதலாளித்துவம், பார்ப்பனியம் என்ற இரண்டையும் ஒருசேரத் தொழிலாளியின் பகை என்று அம்பேத்கர் அம்மாநாட்டில் உரைத்தது இதனாலேயே. சிங்காரவேலரின் நூல்களோடு அவ்வுரையையும் சேர்த்துப் படிக்குமாறு நம் மாணவரைக் கேட்டுக்கொள்கிறோம்.

தென்னிந்திய இருப்புப்பாதை 1944-இல் அரசாங்கத்தின் நேரடி நிருவாகத்திற்கு வந்தது. சிங்காரவேலர் 1946 பிப்ரவரி 11-ஆம் நாள் தம் எண்பத்தைந்தாம் வயதில், அடுத்த பிறந்த நாளுக்கு ஒரு வாரமே இருக்கையில், சென்னையில் காலமானார். நாடு விடுதலை அடைவதை அவர் காணவில்லை. உயர்நீதிமன்றத்திற்கு அணித்தாக உள்ள சென்னை மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முதல் மே நாள் கூட்டம் நடந்த கடற்கரை அதற்கு வெகுதொலைவில் இல்லை.

அவர் மறைந்த ஏழாம் மாதம் பொன்மலையில் மீண்டும் வேலைநிறுத்தம் நடந்தது. 1946 செப்டம்பர் 5-ஆம் நாள் சங்கத் திடலில் கூடியிருந்த தொழிலாளர்மீது மலபார் சிறப்புக் காவற்படை துப்பாக்கிச் சூடு நடத்தியது. தியாகராசன், தங்கவேலு, இராசு, இராமச்சந்திரன், கிருஷ்ணமூர்த்தி ஆகிய ஐவர் மாண்டனர். அவர்களுக்கு அத்திடலில் நினைவுச் சின்னம் உண்டு. ஆண்டுதோறும் அந்நாளில் தொழிலாளர் அங்கே கூடி வீரவணக்கம் செலுத்துகின்றனர். அரியமங்கலத்திலிருந்து நடந்தே செல்லும் தொலைவில்தான் அவ்விடம் உள்ளது.